நான் வெள்ளி அடித்த போல்ட்

எனக்கு அறுபத்து நான்கு நடக்கிறது. பெற்றது நான்கு, கொழுந்தன் கண்ணை மூடியபோது என் மடியில் விட்டுப்போனது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து அவரவர் வாசலில் நிறுத்திவிட்டேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது போகும். ஆனாலும் எழுதுகிறேன். காரணம் நீங்கள்தான். போன வாரம் கோவில் மண்டபத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தபோது, "சின்னப் பிள்ளையில நான் லாரிக்கு வயரிங் பாத்திருக்கேன்" என்றேன். அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். ஒருத்தி, "அப்ப ஏரோப்ளேனும் ஓட்டியிருப்பீகளே மதினி" என்றாள். பேச்சில் சொன்னால் நடுவில் விழுந்து கெடுப்பீர்கள் என்றுதான் காகிதத்தில் சொல்கிறேன். முழுசும் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டு ஓரமாக ஒரு தகரச் செட். அதன் பின்பக்கம் எங்கள் வீடு. என் ஐயா அந்தச் செட்டு முதலாளியின் பழைய டீசல் லாரிக்கு டிரைவர். அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊர்களில் நெல்மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றி மதுரைக்குள் கொண்டுவந்து இறக்குவார். லாரிதான் முதலாளியுடையது, சாவி ஐயாவுடையது. அரைஞாண் கயிற்றில் கட்டி இடுப்பிலேயே வைத்திருப்பார். குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார். என் ஆத்தா சொல்லும், "எனக்குக் கழுத்துல போட்ட முடிச்சைவிட உங்கையா இடுப்புல போட்ட முடிச்சுதான் கெட்டி."

அந்தக் காலத்து லாரிக்கு டிரைவர் உட்காரும் முன்கூடு மரத்தில் கட்டியது. உள்ளே ஏறினால் மரவாசனை, டீசல் வாசனை, ஐயாவின் பீடி வாசனை மூன்றும் சேர்ந்து வரும். ஸ்டீயரிங்குக்கு முன்னால் மீட்டர் பலகை. நான்கு வட்ட மீட்டர்கள், அதில் ஒன்று இன்ஜின் சூட்டைக் காட்டுவது. ஊசி நடுவில் நின்றால் நல்லது, சிவப்புக் கோட்டுக்குப் போனால் இன்ஜின் கொதிக்கிறது என்று அர்த்தம். மீட்டர்களுக்குக் கீழே ஒரு சிவப்பு லைட், ஆயில் கோளாறு என்றால் எரிய. அதன் கண்ணாடி மூக்குத்திக் கல் மாதிரி இருக்கும். விளிம்பில் ஒரு கீறல் உண்டு. எனக்கு அந்த லாரியில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஆயுத பூசைக்கு முந்தின நான்கு நாள் வண்டி ஓடாது. சோடா உப்புப் போட்டுக் கழுவி, மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கைச் சுரண்டி, அடியில் இருக்கிற இரும்புச் சட்டம் முழுக்கக் கறுப்பு பெயிண்ட், போல்ட்டுக்கெல்லாம் வெள்ளி பெயிண்ட். பெண்ணுக்குச் சடங்கு செய்கிற மாதிரி நடக்கும். அந்த வருடம் என்னையும் சேர்த்துக்கொண்டார் ஐயா. மீட்டர் பலகைக்கு அடியில், இன்ஜினை ஒட்டிய இடுக்கில் அவர் ஸ்பானர் நுழையும், கை நுழையாது, என் கை நுழையும். கொட்டாங்குச்சியில் வெள்ளி பெயிண்டை ஊற்றிக் கொடுத்தார். அவர் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றித் துடைப்பார், நான் அடிப்பேன், காய்ந்ததும் பூட்டுவார். பளபளவென்று மின்னும். ஒரு சின்ன போல்ட்டில் கறுப்பு வயர் ஒன்று வளையம் வைத்து மாட்டியிருந்தது. வளையத்தை விட்டுவைத்தால் அழகு குறைகிறதே என்று, வளையத்துக்கும், அது உட்காரும் இடத்துக்கும், போல்ட்டுக்கும் சேர்த்து மூன்று தடவை அடித்தேன். ஐயா குனிந்து பார்த்து, "யாரு பாக்கப் போறா அந்த இடுக்கை?" என்றார்.

"சாமி பாக்கும்லய்யா" என்றேன்.

பூசை அன்று லாரி மணப்பெண் மாதிரி நின்றது. மீட்டர் கண்ணாடிக்கெல்லாம் சந்தனம், குங்குமம். வாழைக்கன்று, பொரி, கடலை. முதலாளி எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றச் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம்.

மூன்றாம் நாள் பிடித்தது சனி.

நடு ரோட்டில் ஊசி சிவப்புக் கோட்டுக்குப் போயிருக்கிறது. ஐயா பதறிப்போய் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி எடுத்தார். பொழுது இறங்கி லைட்டைப் போட்டதும் சிவப்பு லைட்டும் மங்கலாக எரிந்திருக்கிறது, பூனைக்கண் மாதிரி. மறுநாளும் அப்படியே. வாழைத்தார் வெயிலில் நின்று பழுத்தது. செட்டில் ஒரு மேஸ்திரி இருந்தார். இன்ஜின் வேலையில் சூரர்தான், பொய் சொல்லக் கூடாது. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார், பெல்ட்டை மாற்றினார், ஆயிலை மாற்றினார். ஊசி கேட்கவில்லை. செட்டில் நிற்கும்போது நல்ல பிள்ளையாக நடுவில் நிற்கும், ரோட்டில் போனால் ஏறும். எட்டாம் நாள் மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் சொன்னார், "வண்டியில ஒண்ணுமில்லண்ணே. ஓட்டுற கையிலதான் கோளாறு."

அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊசி பொய் சொல்லும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டிரைவர் பொய் சொல்லுவான் என்பது உடனே தோன்றியது.

ஊசிதான் பொய் சொல்கிறது என்று ஆத்தாவுக்கு மட்டும் தோன்றியது. ஒரு நாள் விடியற்காலையில் ஐயா பக்கத்து பங்க் வரை போய் டீசல் போட்டுக்கொண்டு திரும்பினார். அதற்குள் ஊசி சிவப்பில் நின்றது. தூக்குச்சட்டியோடு வந்த ஆத்தா நேராகப் போய் ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தது. வைத்த கையை எடுக்கவே இல்லை.

"கொதிக்குதுன்னு சொல்றீக, கை வைக்க முடியுதே. சோறு வடிச்ச பானையில இம்புட்டு நேரம் கை வைக்க முடியுமா? பிள்ளைக்குத் தலைக்கு ஊத்துற சூடுகூட இல்லய்யா இது."

மேஸ்திரி சிரித்தார். "அக்கா, இது சோத்துப்பானை இல்ல, இன்ஜின். உள்ள கொதிக்கும், வெளிய தெரியாது."

"உள்ள கொதிச்சா வெளிய தெரியாமப் போறதுக்கு அது என்ன பொம்பள மனசா?" என்றது ஆத்தா.

செட்டே சிரித்தது. ஐயாவும் சிரித்தார், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "நீ சட்டியை வச்சிட்டுப் போ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஐயா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார். அவர் கண் ரோட்டில் இருக்க வேண்டும், ஊசியைப் பார்க்க ஒரு கண் வேண்டும் என்று. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது! செருப்புகூடப் போடாமல் ஓடினேன். சீட்டுப் பலகையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, மீட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டேன். அலங்காநல்லூர் ரோடு. இரண்டு பக்கமும் பச்சை வயல், கொக்கு, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம். நான் எதையும் பார்க்கவில்லை. ஊசி, ஊசி, ஊசி.

ஒரு மேட்டில் வண்டி முக்கி முக்கி ஏறியது. ஊசி அசையவில்லை. மேடு தாண்டி ஒரு சின்னப் பாலம், பாலத்து வாயில் ஒரு குழி. வண்டி தடாலென்று இறங்கி ஏறியது.

"ஏறிருச்சுய்யா!" என்று கத்தினேன்.

ஐயா நிறுத்தப் போனார். அதற்குள் இன்னொரு குழி. ஊசி சர்ரென்று இறங்கிவிட்டது.

"எறங்கிருச்சுய்யா!"

"என்ன புள்ள விளையாடுறியா?"

"இல்லய்யா, சத்தியமா. மேட்டுல ஏறல. குழியிலதான் ஏறுது."

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். போய்த் திரும்பும்வரை எத்தனை குழி, எந்தக் குழியில் ஏறியது, எதில் இறங்கியது என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். அந்த ரோட்டின் குழிகள் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ரோடுதான் மாறிவிட்டது.

அன்று சாயங்காலம் முதலாளி சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸுக்குக் கொட்டாம்பட்டியிலேர்ந்து ஒரு டிரைவர் வாரான். அவன் ஓட்டிப் பாக்கட்டும். சாவியை எடுத்து வச்சிரு."

ஐயா இரவு சோறு தொடவில்லை. நான் குழிக் கதையை ஆத்தாவிடம் சொன்னேன். ஆத்தா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டது. "குழியில ஏறுது, குழியில எறங்குது. அப்ப எங்கயோ ஒண்ணு ஆடுது" என்றது. காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிட்டது. ஐயாவிடம் மாவு திரிக்கப் போகிறோம் என்று சொன்னோம். மாவு இல்லாமல் திரும்பினதைப் பற்றி அவர் இதுவரைக்கும் கேட்கவில்லை.

தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் வயரிங் பாய் கடை. கடை என்றால் ஒரு பெட்டி, ஒரு முக்காலி, மேலே ஒரு படுதா. லாரி, பஸ் வயரிங் மட்டும் பார்ப்பார். ஆத்தா ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னது. பாய் பீங்கான் கோப்பையில் டீ குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"லைட்டைப் போட்டா ஊசி இன்னும் ஏறுதா பாப்பா?"

"ஆமா! சிவப்பு லைட்டும் மங்கலா எரியும்!"

பாய் டீயை வைத்துவிட்டார். "தங்கச்சி, உங்க வீட்டுக்காரரு கையில கோளாறு இல்ல. அது எங்க இருக்குன்னு வந்து பாத்துச் சொல்றேன். நாளைக்குக் காலையில வாரேன், ஆனா ஜும்மா தொழுகைக்கு என்னைய விட்ரணும்."

வெள்ளிக்கிழமை ஐயா சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து, செட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். இடுப்பில் சாவி அழுத்தின தடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. பத்து மணிக்குப் பாய் சைக்கிளில் மரப்பெட்டியோடு வந்து இறங்கியதும் ஐயா ஆத்தாவைப் பார்த்தார். ஆத்தா ஆகாயத்தைப் பார்த்தது.

முதலாளியும் மேஸ்திரியும் வந்து நின்றார்கள். "இன்ஜின் சூட்டுக்கு வயரிங்காரரு என்னத்தப் பாக்கப் போறாரு?" என்றார் மேஸ்திரி.

"இன்ஜினை நான் தொடவே மாட்டேண்ணே. அது உங்க ராஜ்ஜியம்" என்றார் பாய்.

ஐயா சாவியைப் போட்டு இன்ஜினைக் கிளப்பி, சூடேறும்வரை ஓடவிட்டார். ஊசி நடுவில் நின்றது. பாய் லைட்டைப் போடச் சொன்னார். பகல் பத்தரை மணிக்கு லாரிக்கு லைட்! போட்டதும் ஊசி துள்ளி எழுந்தது. சிவப்பு லைட் மினுங்கியது. அணைக்கச் சொன்னார், இறங்கியது. பிறகு உள்ளங்கையால் மீட்டர் பலகையில் ஓங்கி ஒரு குத்து. ஊசி விறுட்டென்று ஏறிச் சிவப்பில் நின்றது.

"பாத்தீகளா மேஸ்திரி? ஒரு குத்துல இன்ஜின் கொதிக்குமா?"

மேஸ்திரி குனிந்து மீட்டரைப் பார்த்தார். நான் சாவி வைத்திருந்த இடத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன், பஸ் வந்துவிடுமோ என்று.

பாய் ஒரு நீள வயரை எடுத்து ஒரு நுனியைப் பேட்டரியில் கட்டினார். மறு நுனியை என் கையில் கொடுத்தார். "உன் கை சின்னது. அடியில விட்டு, அந்த மீட்டரு முதுகைத் தொடு."

தொட்டேன். ஊசி சர்ரென்று இறங்கி நடுவில் நின்றது. எடுத்தேன், ஏறியது. தொட்டேன், இறங்கியது. நான் சொன்னபடி கேட்கிறது! அந்தச் சந்தோஷத்தில் பத்துத் தடவை தொட்டுத் தொட்டு எடுத்தேன். "போதும்மா, பேட்டரி தீந்துரும்" என்றார் பாய்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கும் விளங்கும். கரண்டு போனால் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும். லாரியில் அந்தத் திரும்பும் வழி இரும்புச் சட்டம். அதற்குப் பெயர் எர்த். முன்கூடு மரம் என்பதால் மீட்டர் முதுகிலிருந்து ஒரு வயர் தனியாக இறங்கிச் சட்டத்தில் போய்ச் சேரும். அந்த இடம் ஒட்டாமல் போனால், கரண்டு வழி தெரியாமல் பக்கத்து மீட்டருக்குள்ளும் லைட்டுக்குள்ளும் நுழைந்து அலையும். ஊசி பித்துப் பிடித்து ஆடும்.

"அந்த எர்த் வயரு எங்க போகுதுன்னு பாப்போம்" என்று பாய் ஒரு கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே அடியில் குனிந்தார். விரலால் தடவிக்கொண்டே போனார். இடுக்கில் போய் நின்றது விரல். டார்ச் அடித்தார். பளபளவென்று மின்னியது.

"இந்த போல்ட்டுக்கு வெள்ளி அடிச்சது யாரு?"

"நான்தான்" என்றார் ஐயா.

"நான்தான்!" என்று அதே நேரம் நானும் கத்தினேன். "மூணு தடவை அடிச்சேன்!"

பாராட்டப் போகிறார் என்று நினைத்துக் கத்தியது அது. சாமி பார்க்காவிட்டாலும் பாய் பார்த்துவிட்டாரே என்று.

பாய் தலையை வெளியே எடுத்தார். "ஒரு போல்ட்டுக்கு ரெண்டு பேரா? பாப்பா, வயரு வளையத்துக்கு அடியிலயும் அடிச்சியா?"

"அடியில, மேல, சுத்தி, எல்லாம். ஒரு பொட்டு எடம் விடல."

பாய் சிரித்தார் பாருங்கள், தொப்பி நழுவிக் கையில் விழுந்தது. "யா அல்லா! எட்டு நாளா இன்ஜினைப் பிரிச்சு மேஞ்சீகளே! கரண்டு போற வாசலைப் பெயிண்ட் போட்டு அடைச்சுட்டு உக்காந்திருக்கு இந்தப் புள்ள! போல்ட்டோட மரை வழியா கொஞ்சமா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. குலுங்குனா விடுது, திரும்பக் குலுங்குனா ஒட்டுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு நாள் பழுத்த வாழைத்தார், ஐயா தொடாத சோறு, கொட்டாம்பட்டி பஸ், எல்லாம் என் கொட்டாங்குச்சியிலிருந்து வந்தது. கண் நிறைந்துவிட்டது. முதலாளி ஐயாவைப் பார்த்து, "பொட்டப் புள்ள கையில பிரஷ்ஷைக் கொடுத்தியா?" என்றார்.

ஐயா என் தலையில் கை வைத்தார். "கொடுத்தது நான், வளையத்தைக் கழட்டுனது நான், பாக்காமப் பூட்டுனதும் நான். அவளைச் சொல்லாதீக."

"அதே புள்ளதான் குழியில ஏறுதுன்னு கண்டுபிடிச்சதும்" என்றது ஆத்தா பின்னாலிருந்து. "அதையும் சேத்துச் சொல்லுங்க."

பாய் உப்புத்தாளை என்னிடமே கொடுத்தார். "அடைச்ச கையே தொறக்கட்டும்." இடுக்கில் கையை விட்டுத் தேய்த்தேன். வளையம் செம்பு நிறமாகும்வரை, சட்டம் வெறும் இரும்பாகும்வரை தேய்த்தேன். பாய் போல்ட்டை முறுக்கினார். லைட்டைப் போட்டார். குத்தினார். ஊசி நடுவில் நின்றது. சிவப்பு லைட் செத்துக் கிடந்தது. கீறல் விழுந்த அந்தக் கண்ணாடியைக் கழற்றி வேறொன்று மாட்டி, பழையதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஓட்டிப் பாக்காம நான் நம்ப மாட்டேன்" என்றார் முதலாளி. பாய்க்கோ ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. சரி, பாயைக் கொண்டுபோய் விடுவதே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சைக்கிளைப் பின்னால் போட்டு, முன்னால் ஐயா, பாய், முதலாளி, நடுவில் நான். லைட்டை எரியவிட்டுக்கொண்டே திண்டுக்கல் ரோட்டில் போனோம். உச்சி வெயிலில்! எதிரில் வந்த மாட்டுவண்டிக்காரர், சைக்கிள்காரர், டீக்கடைக்காரர் எல்லோரும் கையை ஆட்டினார்கள். "அண்ணே, லைட் எரியுது! லைட் எரியுது!"

முதலாளி தலையை வெளியே நீட்டி, "எரியட்டும்டா! நல்லா எரியட்டும்!" என்று கத்தினார். அந்த மனுசன் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஐயா குழியாகத் தேடித் தேடி இறக்கினார். ஒவ்வொரு குழிக்கும் நாலு பேரும் மீட்டரைப் பார்ப்போம். ஊசி அசையவில்லை. "நிக்குது!" என்பேன் நான். "நிக்குது!" என்பார்கள் மூன்று பேரும். ஆரப்பாளையத்தில் பள்ளிவாசல் பக்கம் பாயை இறக்கிவிட்டபோது, கத்திக் கத்தி எனக்குக் குரல் கம்மிப்போயிருந்தது.

திரும்பி வந்தால், செட்டு வாசலில் ஒருவர் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். கொட்டாம்பட்டி டிரைவர். ஐயா இன்ஜினை அணைத்து, சாவியை உருவி, இறங்கி வந்து முதலாளியிடம் நீட்டினார்.

முதலாளி சாவியைப் பார்த்தார், துணிப்பையைப் பார்த்தார். "எங்கிட்ட ஏன் நீட்டுற? இடுப்புல கட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல் அவருக்குத் தெரியாது. அவர் படித்த படிப்பு அவ்வளவுதான்.

"அப்ப எனக்கு வண்டி இல்லயா மாப்ள?" என்றார் கொட்டாம்பட்டிக்காரர், பாதி சிரிப்பும் பாதி வருத்தமுமாக. ஐயா அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஆத்தா சுட்ட கருவாடும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தது. ஐயாவுக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் சோறு போட்டது. அத்தனை நாளுக்கு அப்புறம் ஐயா அன்றைக்குத்தான் மூன்றாம் தடவை சோறு கேட்டார்.

'நீ அன்னைக்கே சொன்னியே' என்று ஐயா ஆத்தாவிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஆம்பளைகளுக்கு நாக்கு அந்தப் பக்கம் வளையாது, உங்களுக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு வண்டியில் ஊசி கொஞ்சம் ஏறினாலும், மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார். "ஏய், வந்து கொஞ்சம் கை வச்சுப் பாரு." ஆத்தா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கிப் போகும். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் எல்லா போல்ட்டுக்கும் வெள்ளி அடித்தோம். அந்த ஒன்றுக்கு மட்டும் பெயிண்டும் கிடையாது, பொட்டும் கிடையாது.

சிவப்புக் கண்ணாடியைக் கல்யாணம் வரைக்கும் வைத்திருந்தேன். டிரங்குப் பெட்டி மாற்றின அவசரத்தில் எங்கேயோ போய்விட்டது. நகை போயிருந்தால்கூட இத்தனை நாள் தேடியிருக்க மாட்டேன்.

இம்புட்டுதான். ஏடி பேத்தி, இங்கே வா. கையில் இருப்பதைக் கீழே வை. இதை முதலிலிருந்து சத்தமாகப் படி, கேட்கிறேன். நாளைக்கு மண்டபத்தில் அவர்களுக்கு முன்னால் நீதான் படிக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். 'நான்தான்' என்கிற இடம் வரும்போது மெல்லப் படிக்காதே. கத்திப் படி.